மானியம் சிட்டாவுக்கு, நட்டம் குத்தகைக்காரருக்கு

நான்கு மாதத்துக்கு ஒருமுறை டெல்டா கிராமங்களின் டீக்கடைகளில் ஒரே கேள்விதான் சுற்றிவரும். "அண்ணே, ரெண்டாயிரம் ஏறிடுச்சா?" பிரதமரின் விவசாயிகள் கௌரவ நிதி, அதாவது பி.எம். கிசான் தவணை வந்ததா என்பதே அதன் பொருள். ஊர்த்தெருவில் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் யாராவது ஒருவருக்கு அந்தக் குறுஞ்செய்தி வந்துவிடுகிறது. வாய்க்காலைத் தாண்டி ஆதிதிராவிடர் தெருவுக்குப் போனால் அந்தப் பேச்சு மெலிந்துவிடும். அங்கே உள்ளவர்கள் விவசாயம் செய்யாதவர்களா? இரண்டு மா, மூன்று மா என்று குத்தகைக்கு எடுத்து, நாற்றுவிட்டு, நட்டு, களையெடுத்து, அறுத்துக் களம் சேர்ப்பவர்களில் பெரும்பகுதி அந்தத் தெருக்காரர்கள்தான். அவர்களின் பெயர் வயலில் இருக்கிறது, சிட்டாவில் இல்லை. அரசுக் கணினிக்குத் தெரிந்த விவசாயி சிட்டாவில் இருப்பவர் மட்டுமே.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் நூற்றுக்கு 20 பேர் பட்டியலினத்தவர். திருவாரூர் மாவட்டத்தில் இது 34. நாகை மாவட்டத்திலும் 31-க்கு மேல். ஆனால் நாடு முழுவதும் எடுக்கப்பட்ட 2015-16 வேளாண் கணக்கெடுப்பு சொல்வது வேறு. சாகுபடிக் கைப்பற்றுகளின் எண்ணிக்கையில் பட்டியலினத்தவரின் பங்கு நூற்றுக்கு 12-ஐத் தொடவில்லை. பரப்பில் 9-ஐத் தொடவில்லை. நிலத்தை அளவுகோலாக வைத்து எந்தத் தொகையைப் பிரித்தாலும் அது இந்த விகிதத்தில்தான் போய்ச் சேரும். யாரும் திட்டமிட்டு ஒதுக்க வேண்டிய அவசியமே இல்லை.

பி.எம். கிசான் 2019 பிப்ரவரி 24 அன்று கோரக்பூரில் தொடங்கப்பட்டது. ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணை. முதலில் 2 ஹெக்டேர் வரை நிலம் உள்ளவர்களுக்கு என்றிருந்தது, அதே ஆண்டு நிலம் உள்ள எல்லாருக்கும் என்று விரிந்தது. வருமான வரி கட்டுபவர்கள், மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் ஓய்வூதியம் பெறுபவர்கள் போன்றோருக்கு விலக்கு உண்டு. ஆனால் 20 ஏக்கரைக் குத்தகைக்கு விட்டுவிட்டு நகரத்தில் இருப்பவருக்கு, இந்த விலக்குகளில் சிக்காவிட்டால், தடை இல்லை. அந்த 20 ஏக்கரில் மூன்று மாவை உழுபவர் கேட்டால், நில உடைமை மட்டுமே தகுதி, குத்தகைதாரர் இதில் வரமாட்டார் என்பது திட்டத்தின் விதி. அதில் சந்தேகத்துக்கே இடம் வைக்கவில்லை.

வாய்வார்த்தைக் குத்தகை

டெல்டாவில் குத்தகை பெரும்பாலும் வாய்வார்த்தைதான். ஏக்கருக்கு இத்தனை மூட்டை என்று பேசி முடிப்பார்கள். சில ஊர்களில் வாரம், சில ஊர்களில் ரொக்கம். காகிதம் எழுதுவதில்லை. கேட்டால் உடனே வரும் பதில் எல்லாருக்கும் தெரிந்ததுதான்: "என்னப்பா, எம்மேல நம்பிக்கை இல்லையா?" அடுத்த ஆண்டு நிலம் கிடைக்க வேண்டுமே என்ற பயத்தில் கேட்டவர் வாயை மூடிக்கொள்வார்.

கையெழுத்துப் போட நிலக்காரர் தயங்குவதற்குச் சட்டத்திலேயே காரணம் இருக்கிறது. 1955-ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், குத்தகையை ஒழுங்காகக் கட்டிவருபவரை இஷ்டத்துக்கு வெளியேற்ற முடியாது என்கிறது. தானோ தன் குடும்பமோ உடலுழைப்பைப் போட்டுச் சாகுபடி செய்தால் அவர் குத்தகைதாரர். ஒப்பந்தம் எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்றில்லை, நடைமுறையிலிருந்து புரிந்துகொள்ளக்கூடிய ஒப்பந்தமும் செல்லும். நியாயக் குத்தகைச் சட்டமோ விளைச்சலில் கால் பங்கு நிலக்காரருக்கு, முக்கால் பங்கு உழுபவருக்கு என்கிறது. கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 உயிர்கள் எரிக்கப்பட்டதற்கு அடுத்த ஆண்டு, குத்தகை உரிமையைப் பதிவேட்டில் ஏற்றுவதற்கென்றே தனிச்சட்டம் வந்தது. காகிதத்தில் இவை நல்ல சட்டங்கள்தான். ஆனால் பதிவேட்டில் பெயர் ஏறினால் நிலம் கையைவிட்டுப் போய்விடும் என்று நிலக்காரர் நினைக்கிறார்; ஆகவே பெயர் ஏறாமல் பார்த்துக்கொள்கிறார். உழுபவரைக் காக்க வந்த சட்டத்தால் அவர் பதிவேட்டிலிருந்தே மறைந்துபோனார்.

பெயர் இல்லாததன் விலை விதை விடும்போதே தொடங்குகிறது. கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் வேண்டுமென்றால் சிட்டா, அடங்கல். அது இல்லாதவர் உர வியாபாரியிடமும் நெல் வியாபாரியிடமும் வட்டிக்கு வாங்குகிறார். 2021 பிப்ரவரியில் தமிழக அரசு 16 லட்சத்து 43 ஆயிரம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தது. டெல்டாவில் பட்டாசு வெடித்துக் கொண்டாடினார்கள். சங்கத்தில் கடன் வாங்க முடியாதவருக்கு எதைத் தள்ளுபடி செய்வது? அவருடைய கடன் வியாபாரியின் நோட்டில் அப்படியே இருந்தது.

அதே ஆண்டு வந்த குறுவைத் தொகுப்புத் திட்டத்தில் ஏக்கருக்கு ஒரு மூட்டை யூரியா, ஒரு மூட்டை டி.ஏ.பி., 25 கிலோ பொட்டாஷ் முழு மானியத்தில் தரப்பட்டன. அதற்கும் கிராம நிர்வாக அலுவலரின் சான்று வேண்டும். உரம் நிலக்காரர் பெயரில் வந்தது. அதைச் சும்மா கொடுத்த நிலக்காரர்களும் உண்டு. குத்தகையில் சேர்த்துக் கணக்கு எழுதியவர்களும் உண்டு.

பயிர்க் காப்பீட்டில் மட்டும் விதி குத்தகைதாரர் பக்கம் இருக்கிறது. 2016-இல் தொடங்கிய பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் குத்தகைதாரரும் வாரதாரரும் சேரலாம் என்று வழிகாட்டு நெறிகளே சொல்கின்றன. சம்பா நெல்லுக்குக் காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவீதம் கட்டினால் போதும். ஆனால் விண்ணப்பத்தோடு அடங்கலோ விதைப்புச் சான்றோ இணைக்க வேண்டும். அந்தச் சான்றில் குத்தகைதாரர் பெயரைப் போட வி.ஏ.ஓ. தயங்குவார், "பட்டாதாரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க" என்பார். கேட்கப் போனால், முன்பு சொன்ன அதே பதில்தான்.

வெள்ளம் வரும்போது இது எவ்வளவு பெரிய தொகை என்பது தெரியும். 2023 பிப்ரவரியில் அறுவடைக்கு நின்ற சம்பா, தாளடிப் பயிர் பருவம் தவறிய மழையில் சாய்ந்தது. 33 சதவீதத்துக்கு மேல் சேதமான நெல்லுக்கு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் என்று முதல்வர் அறிவித்தார். ஏக்கருக்கு 8,000 ரூபாய்க்குச் சற்று மேல். மூன்று ஏக்கர் குத்தகைக்கு எடுத்த ஒருவரை வைத்துக் கணக்குப் போடுவோம். நிவாரணம் 24,000 ரூபாய்க்கு மேல். அந்த ஆண்டின் கௌரவ நிதி 6,000. இரண்டும் சேர்ந்து 30,000-ஐத் தாண்டும். பட்டாதாரர் பெயரில் பட்டியல் போனால் இந்த 30,000 ரூபாயும் அந்தச் சம்பாவில் ஒரு நாள்கூட வரப்பில் இறங்காதவரின் வங்கிக் கணக்குக்குப் போகும். உழவு, நடவு, உரம், மருந்து எல்லாவற்றுக்கும் செலவு செய்தவருக்கு நனைந்த நெல் மிச்சம். அவர் குத்தகை மூட்டையையும் அளந்தாக வேண்டும். நிவாரணம் விதைத்த பரப்புக்குத்தான் தரப்படுகிறது, நிலம் வைத்திருப்பதற்காக அல்ல. அப்படியானால் கணக்கெடுக்க வரும் வருவாய்த் துறையும் வேளாண் துறையும் விதைத்தவர் யார் என்று ஒரு கேள்வி கேட்டால் போதாதா?

நெல் விற்பனையும் மானியத்தின் ஒரு முகம்தான். 2025-26 பருவத்தில் தமிழக அரசு ஊக்கத்தொகையாகக் குவிண்டாலுக்குச் சன்னரகத்துக்கு 156 ரூபாயும் பொதுரகத்துக்கு 131 ரூபாயும் சேர்த்து முறையே 2,545, 2,500 ரூபாய் விலை வைத்தது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் இந்த விலை கிடைக்க, சிட்டா, அடங்கல், இணையப் பதிவு, வங்கிக் கணக்கு வேண்டும். ஏக்கருக்கு 60 கிலோ மூட்டை 30 கண்டால் 18 குவிண்டால். பொதுரகத்துக்கு ஊக்கத்தொகை மட்டும் 2,358 ரூபாய். காகிதம் இல்லாத குத்தகைதாரருக்கு இரண்டே வழி. களத்துக்கே வரும் வியாபாரி சொல்கிற விலைக்குப் போடலாம். குவிண்டாலுக்கு 300 ரூபாய் குறைந்தாலே ஏக்கருக்கு 5,400 ரூபாய் போகும். இல்லையென்றால் நிலக்காரர் பெயரில் கொள்முதல் நிலையத்தில் போடலாம். பணம் அவர் கணக்கில் ஏறும், குத்தகையும் பழைய பாக்கியும் கழிந்து மீதி வரும்வரை வாசலில் நிற்க வேண்டும்.

கோயில் நிலத்தில் நிலைமை இன்னும் சிக்கல். திருவாரூர் தியாகராஜர் கோயில், வேதாரண்யம் வேதாரண்யேஸ்வரர் கோயில் போன்றவற்றின் நிலங்களில் ரசீது ஒருவர் பெயரில் இருக்கும், உள்குத்தகையாக உழுபவர் வேறொருவராக இருப்பார். நிறுவனங்களின் நிலத்துக்குக் கௌரவ நிதி இல்லை என்பதால் அங்கே அது யாருக்குமே வருவதில்லை. நிவாரணம், காப்பீடு என்று வரும்போது மட்டும் ரசீதுக்காரர் விவசாயியாகிவிடுகிறார்.

இல்லாத விவசாயிகளுக்குப் போன 110 கோடி

ஏழைக் குத்தகைதாரரைச் சரிபார்ப்பது கடினம், போலிகள் புகுந்துவிடுவார்கள் என்று அதிகாரிகள் சொல்வதுண்டு. நிலப் பதிவைக் கேட்ட திட்டத்திலேயே என்ன நடந்தது என்பதை 2020-இல் பார்த்தோம். கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி உள்ளிட்ட மாவட்டங்களில் பி.எம். கிசானில் தகுதியில்லாத ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்க்கப்பட்டு ஏறக்குறைய 110 கோடி ரூபாய் போனது. அதிகாரிகளின் கடவுச்சொற்களே தனியார் கணினி மையங்களில் புழங்கின. சி.பி.சி.ஐ.டி. விசாரணை நடந்தது. "கொரோனா பணம்" என்று சொல்லி ஆதாரும் வங்கிப் புத்தகமும் வாங்கப்பட்ட ஏழைகள் பலருடைய கணக்கிலிருந்து பிறகு அந்தத் தொகை திரும்ப எடுக்கப்பட்டது. உண்மையில் உழுபவரை விவசாயி இல்லை என்று தள்ளிய அதே திட்டம், உழாதவர்களை லட்சக்கணக்கில் விவசாயி என்று ஏற்றுக்கொண்டது.

அதன்பின் கட்டுப்பாடுகள் இறுகின. ஆதார் இணைப்பு, நிலப் பதிவு இணைப்பு, இப்போது விவசாயிகளுக்கான தனித்துவ அடையாள எண். மூன்றுமே மறுபடி நிலப் பதிவிலிருந்துதான் தொடங்குகின்றன. வருங்காலத்தில் எல்லா மானியமும் இந்த எண்ணின் வழியேதான் என்றால், இன்று பதிவில் இல்லாதவர் இனிமேல் வரும் திட்டங்களிலும் இருக்கமாட்டார்.

நமக்கென்றே உள்ள திட்டங்கள்

பட்டியலினத்தவருக்கு மட்டும் தனி மானியம் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது, நல்ல மானியமே இருக்கிறது. 2022-23 வேளாண் நிதிநிலை அறிக்கையிலிருந்து, பட்டியலின, பழங்குடிச் சிறு, குறு விவசாயிகள் வேளாண் இயந்திரம் வாங்கினால் வழக்கமான மானியத்துக்கு மேல் கூடுதலாக 20 சதவீதம் தரப்படுகிறது. நுண்ணீர்ப் பாசனத்தில் சிறு, குறு விவசாயிகள் எல்லாருக்கும் 100 சதவீதம். ஆனால் சிறு, குறு விவசாயி என்ற சான்று வாங்க முதலில் நிலம் வேண்டும். 70 சதவீத மானியத்தில் பவர் டில்லர் என்ற அறிவிப்பு நிலமில்லாத தெருவில் சுவரொட்டியாக மட்டுமே நிற்கிறது. நிலம் இருப்பவருக்கும் மீதி 30 சதவீதத்தை எங்கிருந்து புரட்டுவது என்ற கவலை தனி.

நிலத்தையே வாங்கித் தரும் திட்டமும் உண்டு. தாட்கோவின் நன்னிலம் மகளிர் நிலவுடைமைத் திட்டம் 2023-இல் அறிவிக்கப்பட்டது. நிலமற்ற பட்டியலின, பழங்குடி விவசாயக் கூலிப் பெண்கள் நிலம் வாங்க, விலையில் பாதி அல்லது அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய் மானியம். முத்திரைத் தாள், பதிவுக் கட்டண விலக்கு. திசை சரி. அளவு? அறிவித்தபோது 200 பெண்களுக்கு 10 கோடி. மாநிலம் முழுவதற்கும் சேர்த்து 200.

இதில் இன்னொரு முடிச்சு இருக்கிறது. கௌரவ நிதிக்கு 2019 பிப்ரவரி 1 அன்று யார் பெயரில் நிலம் இருந்தது என்பதே கணக்கு. அதற்குப் பின் வாரிசு உரிமையில் வந்த நிலம் மட்டுமே ஏற்கப்படும். விலைக்கு வாங்கினால் இல்லை. ஆக, தமிழக அரசு மானியம் கொடுத்து 2023-க்குப் பிறகு நிலம் வாங்கித் தந்த அந்தப் பெண், மத்திய அரசின் கண்ணில் இன்னும் விவசாயி ஆகவில்லை. பாட்டன் சொத்தாக வந்தால் தகுதி, சொந்த முயற்சியில் வாங்கினால் தகுதியில்லை என்ற இந்த விதி எந்தத் தெருக்காரருக்குச் சாதகம் என்பதை விளக்க வேண்டியதில்லை.

நாகை, திருவாரூர் பகுதிகளில் கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் தம்பதியரின் லாஃப்டி அமைப்பு 1981 முதல் ஆயிரக்கணக்கான தலித் பெண்கள் பெயரில் ஏக்கர் ஏக்கராக நிலம் பதிவு செய்து கொடுத்தது. அரசு உச்சவரம்பு நிலங்களையும் பிரித்துக் கொடுத்தது. அந்தத் தலைமுறைப் பெண்கள் பலர் இன்று இல்லை. பட்டா அவர்கள் பெயரிலேயே கிடக்கிறது, அல்லது நான்கு வீட்டுக்குக் கூட்டுப் பட்டாவாக இருக்கிறது. உட்பிரிவு செய்யாததால் தவணை நின்றுபோன குடும்பங்கள் நிறைய. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வாரிசு உரிமையில் பெயர் மாறினால் 2019 கெடு இவர்களைத் தடுக்காது. வாரிசுச் சான்று வாங்கி, உட்பிரிவுக்கு விண்ணப்பித்துப் பட்டாவை மாற்றிக்கொண்டால், மற்ற விலக்குகள் இல்லாத பட்சத்தில், கேட்கும் உரிமை உண்டு.

வட மாவட்டங்களின் கதை பஞ்சமி நிலம். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891-இல் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து 1892-இல் பிறந்த அரசாணையின்படி தரப்பட்ட அந்த நிலங்களை முதல் பத்தாண்டு யாருக்கும் விற்கக் கூடாது. அதன்பிறகும் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு மட்டுமே விற்கலாம். ஆனாலும் எண்பதுகளின் யு.டி.ஆர். பதிவேட்டில் வேறு சாதியினர் பெயர்கள் ஏறிய இடங்கள் ஏராளம். காரணையில் அந்த நிலத்தை மீட்கப் போராடிய ஜான் தாமஸும் ஏழுமலையும் 1994 அக்டோபரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தனர். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்கே மானியம் என்றால், பஞ்சமி நிலத்தை ஆக்கிரமித்தவருக்கு அரசே ஆண்டுதோறும் உதவித்தொகை கொடுத்துவருகிறது என்று பொருள்.

வேறு மாநிலங்களில்

உழுபவரைக் கணக்கில் எடுக்கவே முடியாது என்பது உண்மையில்லை. ஆந்திரத்தில் 2019 அக்டோபரில் தொடங்கிய ரைது பரோசா திட்டம் ஆண்டுக்கு 13,500 ரூபாய் கொடுத்தது. நிலக்காரருக்கு அதில் 6,000 மத்திய அரசின் பணம். நிலமில்லாத பட்டியலின, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட, சிறுபான்மைக் குத்தகைதாரர்களுக்கு முழுத் தொகையையும் மாநில அரசே கொடுத்தது. அதற்காகவே சாகுபடியாளர் உரிமைச் சட்டம் இயற்றி, 11 மாதம் செல்லுபடியாகும் அட்டை கொடுத்தார்கள். நில உரிமையை அந்த அட்டை தொடாது என்று சட்டத்திலேயே எழுதி நிலக்காரரின் பயத்தைத் தணிக்கப் பார்த்தார்கள். அங்கும் நிலக்காரர் ஒப்புதல் தேவைப்பட்டதால் அட்டை கிடைக்காதவர்கள் பலர். இருந்தாலும் ஒரு கதவு திறந்தது. ஒடிசாவின் காலியா திட்டம் நிலமற்ற விவசாயக் குடும்பங்களுக்கு 12,500 ரூபாய் என்று அறிவித்தது. தெலங்கானா 2025 ஜனவரியில் நிலமற்ற விவசாயத் தொழிலாளர் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய் தரும் திட்டத்தைத் தொடங்கியது.

தமிழகத்தில் அப்படி நேரடித் தொகை எதுவும் இல்லை. ஆனால் பட்டியல் தயாரிக்கத் தெரியாத அரசும் இல்லை இது. 2011-இல் தொடங்கிய உழவர் பாதுகாப்புத் திட்டத்தின் அட்டை குத்தகைதாரருக்கும் விவசாயக் கூலிக்கும் கொடுக்கப்பட்டிருக்கிறது. கல்வி, திருமண, இறப்பு உதவிகள் அதன்வழி போகின்றன. செத்தால் ஈமச்சடங்குக்குக் கொடுக்கும்போது விவசாயியாகத் தெரிபவர், உயிரோடு உரம் கேட்கும்போது மட்டும் ஏன் தெரிவதில்லை?

இப்போது என்ன செய்யலாம்

கிராமக் கணக்கில் அடங்கல் என்பது பட்டாதாரர் பட்டியல் அல்ல, அந்தப் பசலியில் அந்த வயலில் என்ன விளைந்தது, யார் செய்தார் என்ற பதிவு. குத்தகைதாரர் தன் பெயரை அதில் சேர்க்கக் கேட்கலாம். வி.ஏ.ஓ. மறுத்தால் வட்டாட்சியருக்கு எழுத்தில் மனு கொடுக்கலாம். 1969 சட்டப்படி குத்தகை உரிமைப் பதிவுக்கும் தனியாக விண்ணப்பிக்கலாம். குத்தகை அளந்த ரசீது, பக்கத்து வயல்காரரின் வாக்குமூலம், உரக்கடைச் சீட்டு, உழவு இயந்திர வாடகைச் சீட்டு எல்லாம் ஆதாரமாக உதவும். தனியாளாகப் போனால் அடுத்த போகத்துக்கு நிலம் போய்விடும் என்ற பயம் நியாயமானது. ஒரே நிலக்காரரிடமோ ஒரே கோயிலிடமோ குத்தகைக்கு இருப்பவர்கள் சேர்ந்து போனால் அந்தப் பயம் பாதியாகக் குறையும். கோயில் நிலத்தில் இதைத் தொடங்குவது எளிது, கோபித்துக்கொள்ளத் தனி முதலாளி இல்லை.

ஆண்டுதோறும் மே, ஜூன் வாக்கில் வட்டாட்சியர் அலுவலகங்களில் ஜமாபந்தி நடக்கும். ஊர்க் கணக்குகள் அத்தனையும் மேசைக்கு வரும் நாள் அது. கூட்டுப் பட்டா உட்பிரிவு, வாரிசுப் பெயர் மாற்றம், அடங்கலில் சாகுபடியாளர் பெயர் ஆகிய மூன்றுக்கும் அன்று தனித்தனி மனுவாகக் கொடுக்க வேண்டும், ஒரே தாளில் எழுதினால் ஒன்றுக்குப் பதில் வந்து மற்றவை விடுபடும். சர்வே எண், பரப்பு, எத்தனை ஆண்டாகச் சாகுபடி என்ற விவரங்கள் மனுவில் இருக்கட்டும். ஒவ்வொரு மனுவுக்கும் ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்குங்கள்.